ஷீட்டர் லைன் நாட்குறிப்பு: 900க்கு 903

நவம்பர் 11, செவ்வாய்

சிவகாசி. காலண்டர் சீசன் நேரத்தில் பேப்பர் ஷீட்டர் நின்றால் முதலாளி முகம் எப்படி இருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. ரீலிலிருந்து வரும் தாளை 900 மி.மீ நீளத்துக்கு வெட்டும் மெஷின் இது. தாளை இழுக்கும் ரோலரில், அது சுற்றும் அளவைப் பல்ஸ்களாகத் தரும் ஒரு என்கோடர் இருக்கிறது. அது தரும் கணக்கை வைத்துத்தான் கத்தி டிரம்மின் சர்வோ மோட்டார் சுற்றுகிறது. நிமிடத்துக்கு 100 மீட்டரைத் தாண்டினால், அந்த மோட்டாரை ஓட்டும் சர்வோ டிரைவ் ‘என்கோடர் சிக்னல் இல்லை’ என்று ட்ரிப் ஆகி நின்றுவிடுகிறது. ட்ரிப் ஆகாத நேரத்திலும் இடையிடையே தாள் நீளம் மாறுகிறது.

போன மாதமே புது என்கோடர் போட்டுப் பார்த்துவிட்டார்கள். தீரவில்லை. இப்போது இன்னொன்றுக்கு ஆர்டர் போயிருக்கிறது. ஸ்க்ரீனில் என்கோடர் என்று வந்தால் என்கோடரைக் கழற்றுவது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம்தான். ஆனால் டிரைவ் பார்ப்பது தன் டெர்மினலுக்கு வந்து சேரும் மின்னழுத்தத்தை மட்டுமே. என்கோடர் அனுப்பும் ஏ சேனல் சிக்னலும் அதன் தலைகீழான ஏ-பாரும் ஒன்றுக்கொன்று எதிராக இல்லையென்றால் அலாரம் அடிக்கும். கெட்டது என்கோடரா, ஒயரா, கனெக்டரா, சப்ளையா என்று அதற்குத் தெரிய வழியே இல்லை.

மில் எலக்ட்ரீஷியன், இன்சுலேஷன் சோதிக்கும் மெக்கரோடு வந்து நின்றார். “வேண்டாம் அண்ணாச்சி” என்று தடுத்தேன். என்கோடர் மாட்டியிருக்கும் கேபிளில் 500 வோல்ட் விட்டால் உள்ளே இருக்கும் ஐசி அங்கேயே காலி.

பேச்சுவாக்கில் அவரே சொன்னார்: தூசி போகக்கூடாது என்று மூன்று மாதம் முன்னால் பேனலை ஏசி ரூமுக்கு மாற்றினார்களாம். எனக்கு அது போதும்.

நவம்பர் 12, புதன்

பேனல் மாறியதும் என்கோடர் கேபிள் 20 மீட்டர் ஆகிவிட்டது. நடுவில் ஒரு ஜாயின்ட். மின் இரைச்சலைத் தடுக்கும் கேபிளின் உலோக உறையான ஷீல்டை முறுக்கி ஒரு பச்சை ஒயரில் சேர்த்து எர்த்துக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். கூடவே அதே ட்ரேயில் மோட்டார் கேபிள்.

முதலில் சப்ளை. டிரைவ் பக்கம் 5.02 வோல்ட். ரோலர் பக்கம் என்கோடர் கனெக்டரிலேயே, மெஷின் ஓடும்போது பார்த்தால் 4.26. இந்த என்கோடருக்கு 4.75க்குக் குறையக்கூடாது.

இதைக் காகிதத்திலேயே போட்டுப் பார்த்துவிடலாம். 0.14 சதுர மி.மீ செம்புக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.125 ஓம். போக 20, வர 20, மொத்தம் 40 மீட்டருக்கு 5 ஓம். என்கோடர் இழுப்பது 150 மில்லி ஆம்பியர். 0.75 வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது. பேனல் பக்கத்திலேயே நின்று 5 வோல்ட் சரி என்று டிக் அடித்தவர்கள் யாரையும் குறை சொல்லவில்லை, ஆனால் அளக்க வேண்டிய இடம் அது இல்லை.

கேபிளில் சும்மா கிடந்த இரண்டு கோர்களை, ஒன்றை ப்ளஸ்ஸுக்கும் ஒன்றை ஜீரோவுக்கும் இணையாகச் சேர்த்தேன். 4.65 வந்தது. இன்னும் குறைவுதான், ஆனால் 120 மீட்டர் வேகத்திலும் ட்ரிப் வரவில்லை. சப்ளைக்கு 0.5 சதுர மி.மீ கோர் உள்ள ஒரே நீளக் கேபிளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 14, வெள்ளி

புதுக் கேபிள் வந்தது. மோட்டார் கேபிளை விட்டு விலக்கித் தனி ட்ரேயில் போட்டோம். ஷீல்டை முறுக்கவில்லை, பேனல் பிளேட்டில் கிளாம்ப் போட்டுச் சுற்றிலும் படியவைத்தோம். மின்னழுத்தத்தை வேகவேகமாக ஆன்-ஆஃப் செய்யும் பிடபிள்யூஎம் டிரைவின் இரைச்சல் உயர் அதிர்வெண் சமாச்சாரம், நீளமான பச்சை ஒயர் அதைத் தடுக்கும் ஒரு சுருள் மாதிரிதான் தெரியும். என்கோடர் முனையில் இப்போது 4.8.

ட்ரிப் போய்விட்டது. நீளக் கோளாறு போகவில்லை.

ஆபரேட்டர் ஒதுக்கி வைத்திருந்த கழிவுத் தாள்களை ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். 902, 903. ஒன்றுகூட 900க்குக் கீழே இல்லை. இங்கேதான் விஷயம் பிடிபடுகிறது. இரைச்சல் என்றால் முன்னும் பின்னும் அடிக்கும். ரோலர் விட்டம் தவறாகப் போட்டிருந்தால் எல்லாத் தாளும் ஒரே அளவு தவறும். எப்போதாவது வருகிறது, அதுவும் எப்போதும் நீளமாகவே வருகிறது என்றால், தாள் நகர்ந்த அளவுக்குக் கணக்கு ஏறவில்லை. ரோலர் சுற்றளவு 500 மி.மீ, 2500 கோடுள்ள என்கோடர், ஏ, பி இரண்டு சேனலின் ஏறும், இறங்கும் விளிம்பு நான்கையும் எண்ணினால் சுற்றுக்கு 10,000. 3 மி.மீ என்றால் 60 கவுண்ட்.

“எப்ப வருது?” என்று ஆபரேட்டரிடம் கேட்டேன். “ஸ்டார்ட் பண்ணி ஸ்பீடு ஏத்துறப்ப” என்றார். இதை முதல் நாளே யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை.

நவம்பர் 15, சனி

என்கோடர் சுற்றுக்கு ஒருமுறை தரும் இசட் பல்ஸ் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை கவுண்ட் என்று பதிவு செய்தேன். வேகம் ஏறும்போதும் அட்சரம் பிசகாமல் 10,000. மின்சாரப் பக்கம் சுத்தம்.

ஆனால் இசட் பல்ஸை நம்புவதில் ஓர் எல்லை உண்டு. ஏ, பி, இசட் மூன்றும் ஒரே தட்டில் இருப்பவை. என்கோடர் தன் சுற்றைத் தானே சரிபார்த்துக்கொள்கிறது. ரோலர் சுற்றியதா என்று அதற்குத் தெரியாது. ரவுண்ட்ஸ் போகாமல் கேபினிலேயே ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடும் வாட்ச்மேனின் கணக்கு அது.

மார்க்கரால் ரோலர் ஷாஃப்ட், கப்ளிங், என்கோடர் ஷாஃப்ட் மூன்றையும் சேர்த்து ஒரே கோடு இழுத்தேன். சாப்பிட்டு வந்து பார்த்தால் கப்ளிங்குக்கும் என்கோடர் ஷாஃப்டுக்கும் நடுவே கோடு விலகியிருந்தது.

கழற்றினோம். கப்ளிங் துளை 10 மி.மீ. போன மாதம் வந்த புது என்கோடரின் ஷாஃப்ட் முக்கால் அங்குலத்தில் பாதி, அதாவது 3/8 அங்குலம், 9.525 மி.மீ. இடைவெளியை அடைக்க யாரோ கூல்டிரிங்க் டின்னை வெட்டிச் சுற்றி, கிரப் ஸ்க்ரூவை முறுக்கியிருக்கிறார்கள். தகடு நசுங்கிப் பளபளவென்று தேய்ந்திருந்தது. டின் வைத்த ஃபிட்டரின் கைவேலை சுத்தம், அதை மறுக்க முடியாது.

நவம்பர் 18, செவ்வாய்

போன மாதம் கழற்றிப் போட்ட பழைய என்கோடர் ஸ்டோரில் கிடந்தது. மேசையில் 5 வோல்ட் கொடுத்து, கையால் சுற்றி ஸ்கோப்பில் பார்த்தேன். ஏ-க்கும் பி-க்கும் 90 டிகிரி அழகாக இருக்கிறது, இசட் வருகிறது. ஷாஃப்ட் 10 மி.மீ. அதையே திரும்ப மாட்டினோம். சுத்தியல் பக்கம் யாரையும் விடவில்லை. உள்ளே இருப்பது கண்ணாடித் தட்டு.

ரோலர் முனையில் ஒரு ப்ராக்ஸிமிட்டி சென்சரும் வைத்தேன், சுற்றுக்கு ஒரு பல்ஸ். 100 சுற்றுக்கு 10,00,000 கவுண்ட் வருகிறதா என்று மெஷினின் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சி பார்க்கும். ப்ராக்ஸின் சில்லறை முன்பின் கூடிக்கொண்டே போகாது, வழுக்கல் இருந்தால் கூடும்.

மாலை வரை ஓட்டியதில் 900, அரை மி.மீ முன்பின். ஆர்டர் போட்ட என்கோடரைக் கேன்சல் செய்ய முடியுமா என்று முதலாளி போனில் பேசிக்கொண்டிருக்கிறார்.