இடப்பக்கம் திரும்பும் பெட்டி

மார்ச் 3

ரோபோ தள்ளும் பெட்டி மறுபடியும் இடப்பக்கம்.

மார்ச் 4

"பேசாம ஒரு கையை மாட்டிடேன்டா" என்றார் அண்ணன். கை என்றால் விரல், விரலுக்கு மோட்டார், அதற்கு பேட்டரி. பெட்டியோ பிடிக்கத் தோதில்லாத அகலம். தள்ளினால் போதும் என்றேன். அவர் நம்பவில்லை. இன்றைக்கு நானும்தான்.

மார்ச் 7

ராத்திரி 2 மணி. தூக்கம் போய்விட்டது. தள்ளினால் பெட்டி எந்தப் பக்கம் சுழலும் என்று சொல்ல ரோபோ ஆய்வாளர் மேசன் 1986-இல் எழுதிய வாக்கெடுப்பு விதியைத் தாளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உராய்வுக் கூம்பின் (தொடும் இடத்தில் வழுக்காமல் தள்ளக்கூடிய கோண எல்லை) இரண்டு ஓரங்கள், தள்ளும் திசை. மூன்று கோடுகளுக்கும் ஆளுக்கொரு ஓட்டு. உராய்வு மையத்துக்கு (தரை உராய்வெல்லாம் சேர்ந்து செயல்படுவதாகக் கொள்ளும் புள்ளி) எந்தப் பக்கம் பெரும்பான்மையோ, அதை வைத்தே பெட்டி சுழலும் திசை. அடியில் எடை எப்படிப் பரவியிருக்கிறது என்று தெரியவே வேண்டாம். அழகான சங்கதி. ஆனால் எவ்வளவு வேகமாகச் சுழலும் என்று கேட்டால் வாயைத் திறக்காது.

உராய்வு எங்கும் ஒரே அளவென்றால் அந்த மையம் எடை மையத்துக்கு நேர் கீழேதான். எடையை நடுவில்தான் வைத்தேன். மூன்று முறை அளந்தேன். அப்புறம் ஏன் இடப்பக்கம்? ரோபோவின் முகப்பு வட்டம், ஒரு புள்ளியில்தான் தொடுகிறது, கோணல் வளரத்தான் செய்யும். சரி. எப்போதாவது வலப்பக்கமும் போக வேண்டாமா?

மார்ச் 8

ஒட்டுநாடா! பெட்டியின் அடியில், இடது மூலையில், விரலளவு. பசை வெளியே தெரிகிறது. ஐந்து நாள்.

மார்ச் 11

வட்ட முகப்பைக் கழற்றிவிட்டுத் தட்டைப் பட்டை வைத்தேன். நேராகப் போகிறது. வளைவில் கொஞ்சம் இறுக்கித் திருப்பினால் பெட்டி பட்டையிலிருந்து வழுக்குகிறது. பட்டையின் உராய்வுக் கெழு (பிடிப்பின் அளவு) 0.3, கூம்பின் அரைக்கோணம் 17 பாகைகூட இல்லை. ரப்பர் ஒட்டினால் 0.8, ஏறக்குறைய 39 பாகை. ஒட்டப் போகிறேன்.

மார்ச் 12

ரப்பர் காயவில்லை.

மார்ச் 15

நிற்பதில் தகராறு. ரோபோ நின்றாலும் பெட்டி நிற்பதில்லை. விநாடிக்கு 0.2 மீட்டரில் 7 மில்லிமீட்டர் சறுக்கும்; 0.4 என்றால் 27. வேகம் இரட்டித்தால் சறுக்கல் நான்கு மடங்கு. மெதுவாகவே போகட்டும், யாருக்கு அவசரம்? (எனக்கு. 20-ஆம் தேதி.)

மார்ச் 18

பெட்டி சுவர் மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. பின்னால் போய்த் தள்ள இடமில்லை. இழுக்கவும் வழியில்லை. கையால் எடுத்து வைத்தேன். அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 19

வலப்பக்கம்.