வால்பாறை ஏறி அதிரப்பள்ளி வழியாக இறங்கும் யோசனை

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது, "நாளைக்கு எங்கியாவது போலாமுங்களா?" என்று நான் கேட்டதும் என் கணவர் உடனே ஊட்டி என்றார். கோவைக்காரர்களுக்கு அந்தப் பதில் யோசிக்காமலே வாயில் வந்துவிடும். வார இறுதியில் பர்லியாறு வழியாக வண்டி வண்டியாக ஊர்ந்து ஏறுவதில் எனக்கு விருப்பமில்லை. எனவே போய்ச் சேரும் ஊரை விட்டுவிட்டு, போகும் சாலையைத் தேர்ந்தெடுப்போம் என்றேன். பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக வால்பாறை ஏறி, மறுநாள் சோலையாறு, மளுக்கப்பாறை, வாழச்சால் காட்டின் ஊடாக அதிரப்பள்ளியில் இறங்கி, சாலக்குடி, திருச்சூர், பாலக்காடு வழியே வீடு திரும்பும் சுமார் 350 கிலோமீட்டர் வட்டம் அது.

திடீர்ப் பயணம் என்று சொல்லிக்கொண்டாலும் சில கதவுகள் நம் மனப்போக்குக்குத் திறக்கமாட்டா. ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே மாதத்தில் வந்த இ-பாஸ், 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கும் வந்துவிட்டது. கைப்பேசியிலேயே வண்டி எண்ணைக் கொடுத்து எடுத்துவிடலாம் என்பதால் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். உண்மையில் கவனிக்க வேண்டியது மளுக்கப்பாறை சோதனைச் சாவடிதான். அங்கிருந்து வாழச்சால் வரையிலான காட்டுச் சாலையில் இரவில் போகவிட மாட்டார்கள். உள்ளே நுழையும் நேரத்தையும் வண்டியிலுள்ள பிளாஸ்டிக் பொருள்களையும் குறித்துக்கொண்டு, மறுமுனையில் சரிபார்ப்பார்கள். ஆகவே இரண்டாம் நாள் காலையில் வால்பாறையிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொண்டு புறப்பட்டுவிட வேண்டும் என்பது ஒன்றுதான் நாங்கள் உறுதியாக வைத்துக்கொண்ட நேரக் கணக்கு. தங்கும் அறையைக்கூட அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் அவர். இரவில் குளிரில் அறை தேடி அலைவதில் என்ன சுவாரசியம் இருக்கிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மற்றபடி நிற்கும் இடங்களை அந்தந்த இடமே முடிவு செய்யட்டும். ஆழியாற்றில் அணைக்கருகே வறுத்த மீன் சாப்பிடாமல் அவர் நகர மாட்டார். அதற்குமேல் தொடங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், ஒன்பதாவது வளைவிலுள்ள லோம்ஸ் காட்சி முனையிலிருந்து ஆழியாறு நீர்த்தேக்கம் முழுவதையும் ஒரே பார்வையில் காணலாம் என்பதோடு, நமக்கு வாய்ப்பிருந்தால் பாறைச் சரிவில் வரையாடுகளும் தென்படும். வால்பாறையை ஒட்டிய புதுத்தோட்டம் பகுதியில் சிங்கவால் குரங்குகள் சாலையோரத்திற்கே வந்துவிடுகின்றன. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே எஞ்சி நிற்கும் சோலைத் துண்டுகளில்தான் அவை வாழ்கின்றன என்பதால், வண்டியை மெதுவாக ஓட்டுவதும் தின்பண்டம் எதையும் வீசாமல் இருப்பதும் அங்கே கட்டாயம்.

அழகில் முதலிடம் எதற்கு என்று கேட்டால், அருவியைவிட அருவிக்கு முந்தைய காட்டுக்கே கொடுப்பேன். மளுக்கப்பாறையைத் தாண்டியதும் தேயிலையின் வெட்டிச் சீராக்கிய பச்சை மறைந்து, இரண்டு பக்கமும் உயர்ந்த மரங்கள் சாலையின் மேல் கூடிக்கொள்கின்றன. இருவாச்சிப் பறவையின் சிறகோசை கேட்க வேண்டுமானால் கண்ணாடியை இறக்கிவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும். அதிரப்பள்ளியில் சாலக்குடி ஆறு ஏறத்தாழ 80 அடி உயரத்திலிருந்து விழுவதை மேலிருந்தும் கீழிருந்தும் பார்க்கலாம். கீழே இறங்கும் பாதை செங்குத்தாக இருப்பதால் செருப்பைவிட ஷூ நல்லது.

அதன்பிறகு குதிரான் சுரங்கப்பாதை வழியாக வாளையாறு வரை நெடுஞ்சாலைப் பயணம்தான். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

யார் ஓட்டுவது என்பதில் மட்டும் சற்றே இழுபறி இருந்தது. மலையில் ஏறும் வண்டிக்கே வழிவிட வேண்டும் என்ற வழக்கம் எனக்குச் சாதகமாக இருப்பதால் ஏற்றத்தை நான் எடுத்துக்கொண்டேன். பிரேக்கை அழுத்திக்கொண்டே இராமல் குறைந்த கியரில் பொறுமையாக இறங்க வேண்டிய காட்டுச் சாலை அவருக்கு. காலை ஐந்தரைக்குப் புறப்படுகிறோம்.