தேங்காய்க்காரரும் நானும்

அம்மா பக்கத்து வீட்டில் என்னைப் பற்றி "பூமிக்கு ஸ்கேன் எடுக்கான்" என்று சொல்லி வைத்திருந்தாள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஜெர்மனியில், ரைன் ஆற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம் ஒரு ஆராய்ச்சிக் குழுவில் எனக்கு மூன்று வருஷப் பணி. ஆழத்தில் சூடான பாறை எங்கே பிளந்து கிடக்கிறது, அந்த வெடிப்பு வழியே வெந்நீர் ஓடுமா என்று நில அதிர்வு அலைகளை வைத்துப் படம் போட வேண்டும். பூமியில் பொதுவாக ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 25, 30 டிகிரி சூடு ஏறும். ஆற்றுக்கு அந்தப் பக்கம், பிரான்சில் சூல்ட்ஸ் என்ற ஊரில் முதல் கிலோமீட்டரிலேயே நூறைத் தொட்டுவிடும், 5 கிலோமீட்டரில் ஏறக்குறைய 200. ஆனால் சூடு மட்டும் இருந்து பிரயோஜனமில்லை, பாறையில் வெடிப்பு இருந்தால்தான் தண்ணீர் ஓடி அந்தச் சூட்டை மேலே கொண்டுவரும்.

வேலைக்குச் சேரும்போது நான் படம் போடுவேன் என்றுதான் நினைத்தேன், முதல் எட்டு மாதம் குப்பை பொறுக்கினேன். லாரி சத்தம், ரயில் சத்தம், எவனோ மிதித்துக் கவிழ்த்த ஜியோபோன் (தரையில் ஊன்றினால் நில அதிர்வைக் கேட்கிற கருவி), இதையெல்லாம் தேடிப் பிடித்து நீக்குவதுதான் வேலை. அப்புறம் ஒருநாள் 4 கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு கோடு வளைந்து அழகாகத் தெரிந்தது. ராத்திரி தூங்கவில்லை. குழுக் கூட்டத்தில் காட்டியபோது ஒரு சீனியர், அலை வேகத்தைக் கொஞ்சம் மாற்றிப் போட்டுப் பாரேன் என்றார். போட்டேன், கோடு காணாமல் போனது. அலைகளை உரிய இடத்துக்குத் தள்ளுகிற கணக்கில் வேகம் தப்பினால் வருகிற வளைவு அது, எங்கள் தொழிலில் அதற்குப் பெயரே 'சிரிப்பு'. நன்றாகத்தான் சிரித்தது.

போன ஆடியில் லீவுக்கு வந்திருந்தேன். பணகுடிக்குப் பக்கத்தில் சித்தப்பாவின் தோட்டம், மூன்று போர் போட்டு மூன்றும் வறண்டது. நண்பர் ஒருவர் வேலை பார்க்கிற கல்லூரியில் 24 ஜியோபோனும் அதிர்வைப் பதிகிற ஒரு பெட்டியும் இரவல் வாங்கி, வேலியோரம் வரிசையாக ஊன்றி, தரையில் இரும்புத் தட்டைப் போட்டுச் சம்மட்டியால் அடித்தோம். அடித்தது சித்தப்பாதான், எனக்கு நாலு அடியிலேயே மூச்சு வாங்கியது. ஒரே இடத்தில் 16 முறை அடித்து அந்தப் பதிவுகளைக் கூட்டினால் தாறுமாறான இரைச்சல் சிக்னலோடு ஒப்பிட நாலில் ஒன்றாகும். காற்றாலை தாறுமாறு இல்லையே! ஆடிக் காற்றில் சுற்றிலும் ஓடுகிற அத்தனை காற்றாலையும் ஒரே தாளத்தில் தரையை அசைக்க, சில அதிர்வெண்களில் மட்டும் முள்ளு முள்ளாக எழுந்து நின்றது. ரைன் பக்கத்து லாரிகளே தேவலை என்றிருந்தது.

சாயங்காலம் சொன்னேன், கெட்டிப் பாறை 11 மீட்டரில் ஆரம்பிக்கிறது, கிழக்கு மூலையில் மட்டும் அலை மெதுவாகப் போகிறது, அங்கே பாறை உடைந்திருக்கலாம்.

"இருக்கலாமா? வெடிப்பு தெரியலையா?"

"வெடிப்பு தெரியாது சித்தப்பா."

"அப்பம் தேங்கா வச்சி நீரோட்டம் பாக்குதவருக்கும் ஒனக்கும் என்னல வித்தியாசம்?"

கிரானைட்டில் அலை வினாடிக்கு ஐந்தரை கிலோமீட்டர் போகும், 30 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு அலையின் நீளமே 180 மீட்டர், அதில் கால்வாசியைவிடச் சின்னதைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம், வெடிப்போ விரல் அகலம்கூட இருக்காது என்று விளக்கினேன். ஒவ்வொரு கட்டுரையிலும் நானே எழுதுகிற விஷயம்தான், தோட்டத்தில் நின்று சொல்லும்போது அம்மணமாகக் கேட்டது. தென்கொரியாவில் போஹாங் ஊர் கதையையும் சொன்னேன். 2017-ல் அங்கே 5.4 அளவில் நிலம் அதிர்ந்தது, அனல் எடுக்கத் தோண்டிய கிணற்றில் தண்ணீரை அழுத்திச் செலுத்தியதுதான் அதைத் தூண்டியது என்று அரசு அமைத்த குழு 2019-ல் சொன்னது. வழுக்கிய பிளவு எந்த வரைபடத்திலும் இல்லாதது. அதனால்தான் எனக்கு எது தெரியவில்லை என்பதையும் கணக்குப் போட்டு எழுதிக் கொடுக்கிறேன் சித்தப்பா, தேங்காய்க்காரர் அதைச் சொல்ல மாட்டார்.

"தெரியலைன்னு எழுதிக் குடுக்கதுக்கு சம்பளமா?" என்றார்.

மறுநாள் தேங்காய்க்காரரும் வந்தார். உள்ளங்கையில் தேங்காய் எழுந்து நின்ற இடம் என் கிழக்கு மூலையிலிருந்து இருபதடி தள்ளி. சித்தப்பா இரண்டுக்கும் நடுவில் குச்சி ஊன்றினார்.

ரிக் வண்டி வந்தபோது நான் ஜியோபோன்களைப் பிடுங்கவில்லை. துளைக்கிற பிட்டின் அதிர்வையே அலையாக வைத்துப் படம் போடும் முறை உண்டு, சும்மா கிடைக்கிறதை ஏன் விடுவது. 280 அடியில் வெள்ளைப் புழுதி நின்று, சாம்பல் நிறத்தில் சேறு பீய்ச்சியது. சித்தப்பா தேங்காய்க்காரருக்குப் போன் போட்டார். அந்த நிமிஷத்தில் என் திரையில் என்ன மாறியது என்று இரண்டு நாள் துழாவினேன், ரிக் வண்டியின் கம்ப்ரசர் சத்தம்தான் இருந்தது.