கோட்டை சுருங்கிய கதை

சென்ற மழைக்காலம் முடிந்தபோது எங்கள் அடுக்ககத்தின் மாடிப்படிச் சுவரில் ஒரு விரிசல் கண்ணில் பட்டது. இரண்டாம் தளத்து மின்பெட்டிக்கு மேலே தொடங்கி, முதல் தளத்துக் கைப்பிடி வரை தலைமுடி இழைபோல வளைந்து வளைந்து இறங்கியிருந்தது. வந்து பார்த்த பொறியாளர், சுத்தியலின் பிடியால் இரண்டு இடத்தில் தட்டிவிட்டு, வெடித்திருப்பது வெறும் பூச்சுதான், கட்டடத்துக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மற்றவர்கள் அதை அன்றே மறந்துவிட்டார்கள். எனக்கு மட்டும் அந்தப் படிகளில் ஏறும்போதெல்லாம் அமெரிக்கத் திகில்கதை எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் நினைவு வந்துகொண்டிருந்தது.

1839-இல் வெளியான 'அஷர் மாளிகையின் வீழ்ச்சி' கதையில், பழைய நண்பனைப் பார்க்கக் குதிரையில் வருகிறவன் வாசலில் நின்று அந்த வீட்டை மேலும் கீழும் அளக்கிறான். கூரையிலிருந்து புறப்பட்டுச் சுவரில் கோணல்மாணலாக இறங்கி, வீட்டின் முன்னால் தேங்கிக் கிடக்கும் கறுத்த நீரில் மறைந்துபோகும் ஒரு மெல்லிய விரிசல் அவன் கண்ணில் படுகிறது. போ அதைப் பெரிதுபடுத்துவதில்லை. கூர்ந்து பார்த்தால் மட்டுமே தெரியக்கூடியது என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு நம்மை உள்ளே அழைத்துப் போய்விடுகிறார். நோயுற்ற நண்பன், நிலவறையில் கிடத்தப்படும் அவனுடைய சகோதரி, புயலடிக்கும் இரவு என்று கதை போகிற போக்கில் நாமும் விரிசலை மறந்துவிடுகிறோம். கடைசிப் பத்தியில் அது திரும்ப வருகிறது. அதன் வழியே இரத்தச் சிவப்பான நிலா தெரிகிறது, பிளவு அகல்கிறது, வீடு நீருக்குள் போகிறது. முதற்பக்கத்தில் ஒரு வாக்கியம், கடைசிப் பக்கத்தில் ஒரு பத்தி. திகில்கதை எழுத விரும்புகிறவர்கள் இந்த ஒன்றைப் படித்தாலே போதும் என்பது என் கட்சி.

'அஷர் வீடு' என்றால் அந்த வட்டாரத்து மக்களுக்குக் கட்டடமும் குடும்பமும் ஒன்றுதான் என்று போ தனியே விளக்க வேண்டியிருக்கிறது. தமிழில் அந்த விளக்கம் தேவையே இல்லை. 'அவன் எந்த வீட்டுப் பிள்ளை?' என்று கேட்கிறவர் கதவு எண்ணைக் கேட்பதில்லை. சம்பந்தம் பேசும்போது 'நல்ல இடம்' என்று சொல்கிறோமே, அங்கும் இடம் என்பது மனிதர்கள்தான். குடும்பம் கெட்டால் வீடு இடியும் என்பதை நம் பாட்டிமார் யாரும் திகில்கதையாக நினைத்திருக்க மாட்டார்கள்.

பழைய மாளிகையும் அதற்குள் மறைந்த குற்றமுமாக வரும் இத்தகைய திகில்கதைகளைக் கோதிக் என்பார்கள். அந்தச் சொல் முதலில் கட்டடக் கலையைச் சேர்ந்தது. நம் ஊரிலேயே அதற்குச் சான்று இருக்கிறது: 1896-இல் புதிதாக எழுந்த சாந்தோம் தேவாலயத்தின் கூரிய வளைவுகளும் ஊசிக் கோபுரமும் அந்தப் பாணியைச் சேர்ந்தவை. ஆனால் வெள்ளையடித்த சுவரில் கடற்கரை வெயில் பட்டுக் கண் கூசும்போது அங்கே யாருக்குத்தான் பயம் வரும்? பாணி மட்டும் போதாது, இருட்டும் வேண்டும், அந்த இருட்டில் பழைய பாவம் ஒன்றும் வேண்டும். இதைக் கதையாக்கித் தொடங்கி வைத்தவர் ஹொரேஸ் வால்போல். 1764-இல் வந்த அவருடைய 'ஒட்ராண்டோ கோட்டை' நாவலில், கல்யாண நாளன்று எங்கிருந்தோ ஒரு ராட்சதத் தலைக்கவசம் விழுந்து மாப்பிள்ளையை நசுக்கிவிடுகிறது. அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பில் அவர் அதைக் 'கோதிக் கதை' என்றே அழைத்தார். இன்று படித்தால் சிரிப்புத்தான் வருகிறது. ஆனாலும் நிலவறையும் முன்னோர் செய்த குற்றமும் வாரிசுகளைத் தொடரும் வினையும் அங்கேயே வந்துவிட்டன.

நாவலில் ஒரு கோட்டையையே கட்டி எழுப்பலாம். சிறுகதையில் அதற்கு இடமில்லை. அரைமணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் ஒரே அமர்வில் படித்து முடிக்கக்கூடியதாகக் கதை இருக்க வேண்டும், அதன் ஒவ்வொரு சொல்லும் ஒரே விளைவை நோக்கிப் போக வேண்டும் என்று 1842-இல் போவே எழுதினார். அதனால்தான் சிறுகதைக்குள் வந்த கோட்டை சுருங்கிக்கொண்டே போயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது. அஷரில் அது ஒரு வீடு. 1843-இல் அவர் எழுதிய இதயத் துடிப்புக் கதையில் அது தரைப் பலகைக்குக் கீழே ஒரு பிணம் கிடக்கும் அளவுக்கான இடம். பஞ்சில் பொதிந்த கடிகாரம்போல அங்கிருந்து ஒரு துடிப்பு, கொன்றவன் காதுக்கு மட்டும் கேட்கிறது.

1892-இல் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் எழுதிய 'மஞ்சள் சுவர்த்தாள்' கதையில் கோட்டை ஒரு காகிதத்தின் கனத்துக்கு வந்துவிட்டது. பிரசவத்துக்குப் பின் மனம் தளர்ந்த ஒரு பெண்ணை, மருத்துவரான அவள் கணவன் மாடியறையில் ஓய்வெடுக்க வைக்கிறான். எழுதக் கூடாது, உழைக்கக் கூடாது, அலட்டிக்கொள்ளக் கூடாது. கில்மனே அப்படி ஒரு சிகிச்சைக்கு ஆளானவர். ஜன்னலுக்குக் கம்பி இருக்கிறது. கட்டில் தரையோடு ஆணியடிக்கப்பட்டிருக்கிறது. பழைய கதைகளில் கொடுங்கோலன் பெண்ணைச் சிறை வைப்பான். இங்கே அன்பான கணவன் அதையே மருந்துச்சீட்டாக எழுதித் தருகிறான். சுவர்த்தாளின் கோலத்துக்குப் பின்னால் ஒரு பெண் ஊர்வதை அவள் பார்க்கத் தொடங்கும்போது, நமக்கு அச்சம் தருவது அந்த உருவமல்ல, 'உனக்கு நன்றாகத்தான் இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டே இருக்கும் கணவனின் குரல். அந்தக் குரலைக் கேட்டறியாத வீடு நம் ஊரில் எத்தனை இருக்கும்? 1904-இல், ஊதியவனைத் தேடிப் பேய் வரும் ஒரு பழைய விசிலைப் பற்றிய எம். ஆர். ஜேம்ஸின் கதை வரும்போது மிச்சமிருந்தது விடுதியறைக் கட்டிலில் எழுந்து உட்காரும் ஒரு படுக்கை விரிப்பு மட்டுமே.

நம் பேய்கள் பெரும்பாலும் வெளியே இருப்பவை. புளியமரம், சுடுகாடு, பாழுங்கிணறு, உச்சிவெயிலில் ஆளரவமற்ற பாதை. வாசலில் திருஷ்டிப் பூசணிக்காயைக் கட்டிவிட்டால் வீடு பத்திரம் என்பது கணக்கு. அந்தக் கணக்கைக் குலைத்ததுதான் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'க்குள்ள பெருமை. 1943-இல் வந்த அந்தக் கதையில் மாளிகையும் இல்லை, நிலவறையும் இல்லை. கதை எழுதிப் பிழைக்கும் ஒருவன், அவன் மனைவி, தூக்கம் வராத ஓர் இரவு, எங்கிருந்தோ வரும் ஒரு வாடை; அவ்வளவுதான். பிச்சை கேட்டு வந்தவளை இரக்கப்பட்டு வீட்டுவேலைக்கு வைத்துக்கொள்வது மனைவியே. பேய் கதவை உடைத்துக்கொண்டு வரவில்லை, சம்பளம் பேசி உள்ளே வருகிறது. சொல்கிறவனோ சரடு விடுவதே தன் தொழில் என்று தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டவன். அவனை நம்பவும் முடியாமல் தள்ளவும் முடியாமல் நாம் தவிக்கிறோம்.

வாசல் என்றதும் எனக்கு 1902-இல் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் எழுதிய 'குரங்கின் பாதம்' நினைவுக்கு வருகிறது. மூன்று வரம் தரும் அந்தப் பாதம் இந்தியாவிலிருந்து போனது. மந்திரித்தவர் நம் நாட்டுப் பக்கிரி. வால்போல் பயத்தை இத்தாலியில் வைத்தார், ஜேக்கப்ஸ் நம் தலையில் கட்டினார். அது போகட்டும். ஆலை இயந்திரத்தில் சிக்கிச் செத்த மகன் திரும்பி வர வேண்டுமென்று தாய் கேட்டபிறகு, நள்ளிரவில் கதவு தட்டப்படுகிறது. அவள் கீழ்த் தாழ்ப்பாளை இழுத்துவிடுகிறாள். மேல் தாழ்ப்பாள் எட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்கிறது. தந்தையோ கடைசி வரத்துக்காகத் தரையில் தவழ்ந்து அந்தப் பாதத்தைத் தேடுகிறார். கதவுக்கு வெளியே நின்றது யாரென்று ஜேக்கப்ஸ் கடைசிவரை காட்டவில்லை.

இதை நான் முதலில் படித்தது மயிலாப்பூரில் பாட்டி வீட்டு ரேழியில். எட்டரை மணிக்குத் தாத்தா வாசற்கதவைச் சாத்திக் கீழ்த் தாழ்ப்பாளைக் காலால் தள்ளுவார், மேல் தாழ்ப்பாளைக் கையுயர்த்திப் போடுவார். முக்காலி போட்டு ஏறினாலும் எனக்கு அது எட்டாது என்பதில் அன்றிரவு பெரிய நிம்மதி இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அந்த வீட்டை அடுக்ககம் கட்டக் கொடுத்தோம். சாவியை ஒப்படைக்கப் போன நாளில் இரட்டைக் கதவைக் கழற்றி முற்றத்துத் தூணில் சாய்த்து வைத்திருந்தார்கள். மேல் தாழ்ப்பாள் என் தோளுக்குக்கூட வரவில்லை. கீழே குனிந்து இழுத்தேன், துருவேறி இறுகிக் கிடந்தது. மேலே இருந்தது விரல் பட்டதும் சத்தமில்லாமல் நகர்ந்தது.