குதிரைப்பாளையத்தில் கோழிப் படிப்பு

அக்கா மகன் ஓசூர் பக்கத்து மத்திகிரியில் கோழி வளர்ப்புக்கென்றே இருக்கும் கல்லூரியில் பி.டெக். படிக்கிறான். "கோழி மேய்க்க நாலு வருஷம் படிக்கணுமா?" என்று சொந்தக்காரர்கள் கேலி பண்ணினார்கள். நானும் பண்ணினேன். போன மாதம் அவனைப் பார்க்கக் கிளம்பினேன்.

தருமபுரியில் ஏறி பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர். ராயக்கோட்டை தாண்டியதுமே ஜன்னல் காற்றில் சில்லிப்பு. ஓசூரில் டவுன் பஸ் மாறியதும் பக்கத்தில் இருந்த பெரியவர், "குதிரைப்பாளையம் பக்கமா?" என்றார். மத்திகிரிக்கு அப்படியும் ஒரு பெயர். அந்தப் பெயருக்குக் காரணம் இருக்கிறது. 1824-ல் கம்பெனி ஆட்சி தன் பட்டாளத்துக் குதிரைகளைப் பராமரிக்க இங்கே இடம் போட்டது. குளிர்ந்த மேட்டு நிலம், பெங்களூர் ராணுவத் தண்டும் (கன்டோன்மென்ட்) பக்கம். சரியாக நூறு வருஷம் கழித்து, 1924-ல், அது கால்நடைத் துறையின் பண்ணையானது. 1,600 ஏக்கருக்கு மேல். சிவப்பு சிந்தி மாடுகளுக்குப் பேர்போன இடம். கத்தியவார் குதிரைகளையும் வளர்த்தார்கள், அதனால் ஊர்ப் பெயர் ஒரேயடியாகப் பொய்த்துவிடவில்லை.

மருமகன் படிக்கும் கல்லூரி, 1989-ல் தொடங்கிய கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. வாசலிலேயே, "செருப்பை இதுல நனைச்சுட்டு வாங்க மாமா" என்று மருந்துத் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினான். வெளியிலிருந்து நோய் உள்ளே போகக் கூடாதாம். ஊரிலிருந்து வந்த தாய்மாமனுக்கும் விலக்கு கிடையாது!

இருட்டறையில் ஓட்டை போட்ட பெட்டி, உள்ளே பல்பு. ஓட்டையின் மேல் முட்டையை வைத்தான். ஏழாம் நாள் முட்டை. ஓடு ஆரஞ்சாக ஒளிர, சிலந்தி கால் விரித்ததுபோல் சிவப்பு நரம்புகள், நடுவே ஒரு கறுப்புப் புள்ளி. அந்தப் புள்ளி லேசாக ஆடியது. நான் மூச்சு விடாமல் பார்த்தேன். அடுத்த முட்டை வெறும் மஞ்சள் வெளிச்சம். "இது கூமுட்டை" என்று ஒதுக்கினான். 21 நாள் கணக்கில் முதல் 18 நாள் முட்டையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், கடைசி மூன்று நாள் தொடக்கூடாது. அடைக்கோழி இதை யாரிடம் படித்தது என்று கேட்டேன். சிரித்தான். அகன்ற முனையில் தெரிந்த காற்றறையையும் காட்டினான். முட்டை பழசாக ஆக அது பெரிசாகுமாம்.

விடுதிப் பையன்களின் பேச்சும் தீவனம், தடுப்பூசி, நாமக்கல் முட்டை விலை என்றே ஓடியது. இடையிடையே கிரிக்கெட்.

திரும்பும்போது ஒரு டீக்கடையில் அவித்த முட்டை வாங்கி உரித்தேன். அகன்ற முனையில் கட்டைவிரல் நுனி பதியுமளவு குழி. "வேற இருக்காண்ணே?" என்றேன்.