ஒரு வீசம் இஞ்ச்

தையல்தான் என் பிழைப்பு. இருபது வருஷத்துக்கும் மேலாக ஆல்டரேஷன் வேலை. பெருத்தவர்களுக்குப் பிரித்துவிடுவேன், இளைத்தவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பேன், யாரோ கோணலாகத் தைத்ததை நேராக்குவேன். நான் செய்தது வெளியே தெரியாமல் இருந்தால்தான் அது நல்ல வேலை. குவில்ட், அதாவது துண்டுத் துணிகளைச் சேர்த்து உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கிற போர்வை, அது மட்டும் எனக்காக, ராத்திரியில். புதியவர்களுக்கு எட்டு வாரம் குவில்ட் வகுப்பு எடுக்க முடியுமா என்று எங்கள் சபைப் போதகர் கேட்டபோது உடனே சரி என்று சொல்லிவிட்டேன். தெரிந்த வேலைதானே என்கிற மிதப்பு.

கிடைத்த இடம் ஞாயிறு பள்ளி அறை. சின்னப் பிள்ளைகள் படம் வரையும் மேஜைகள் என்பதால், துணி வெட்டக் குனிந்தால் லேசில் நிமிர முடியாது. இரண்டு இஸ்திரிப் பெட்டிகளை ஒன்றாகப் போட்டால் ஃபியூஸ் போய்விடும். ஃபேனைப் போட்டால் அடுக்கிவைத்த சதுரங்கள் பறக்கும், போடாவிட்டால் நாங்கள் வெந்துவிடுவோம். ஒன்பது பேர் வந்திருந்தார்கள். ஒருவர் பெட்டியே பிரிக்காத புதுத் தையல் மெஷினோடு வந்தார். இரண்டு பேருக்கு ஊசியில் நூல் கோத்தே பழக்கமில்லை. ஒரே ஆண், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற தச்சர் ஐயா.

முதல் நாள் முக்கால் மணி நேரம் நான் மட்டுமே பேசினேன். பாவு, ஊடை, கிராஸ், துணியின் கரை, பருத்தித் துணியை ஏன் முதலிலேயே நனைத்துக் காயவைக்க வேண்டும், எந்தப் பஞ்சு விரிப்பு எதற்கு, எல்லாம். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் கையும் துணியைத் தொடவில்லை. கடைசியில் பொறுக்காமல், "இன்னைக்கு ஏதாவது வெட்டுவோமா?" என்று ஒரு குரல் வந்தது. நல்லவேளை, யாராவது கேட்டார்கள்.

வெட்டுவதற்கு உருளைக் கத்தி, வட்ட அலகை உருட்டி வெட்டுவது. 1979இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் அதைக் கொண்டுவந்தது. அதற்கு முன்னெல்லாம் ஒவ்வொரு துண்டுக்கும் அட்டையை வைத்துக் கோடு போட்டு, கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும். இதில் நாலைந்து அடுக்கை ஒரே இழுப்பில் வெட்டிவிடலாம். விரலையும் அப்படியே வெட்டிவிடும் என்பதால் என் வகுப்பில் ஒரே ஒரு சட்டம்: கத்தியைக் கீழே வைக்கும் முன் அலகை மூட வேண்டும். மூடாமல் வைத்தவரின் கத்தியை எடுத்து என் பையில் போட்டுக்கொள்வேன். இரண்டாவது வாரத்தில் என் கத்தியையே தச்சர் ஐயா எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

ஆளுக்கொரு குவில்ட் என்றால் எட்டு வாரம் போதாது. அதனால் எல்லோரும் சேர்ந்து ஒன்று தைப்பது, சபையில் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்குக் கொடுப்பது என்று முடிவானது. வடிவம், தொடங்குகிறவர்களுக்கு எப்போதும் கைகொடுக்கிற ஒன்பது சதுரக் கட்டம். ஐந்து அடர்நிறம், நாலு வெளிர்நிறம். மூன்றரை இஞ்ச் சதுரங்களாக வெட்டித் தைத்தால் ஒவ்வொன்றும் மூன்று இஞ்ச்சாக நிற்கும், கட்டம் ஒன்பது இஞ்ச். அகலத்தில் நாலு, நீளத்தில் ஐந்து, மொத்தம் இருபது கட்டம். ஆளுக்கு இரண்டு தைத்தால் பதினெட்டு, மீதி இரண்டு என்னுடையவை. தைத்து முடித்தால் 36க்கு 45 இஞ்ச்.

மூன்றரை எப்படி மூன்றாகும் என்பதில்தான் வகுப்பு நின்றுபோனது. பக்கத்துக்குக் கால் இஞ்ச் தையலுக்குள் போய்விடும் என்று நானும் விதவிதமாகச் சொல்லிப் பார்த்தேன். தச்சர் ஐயாதான் காப்பாற்றினார். "மரம் அறுத்தா வாள் கொஞ்சம் தின்னும் இல்ல? அதையும் சேர்த்து அளக்கணும். இங்க ஊசி தின்னுது, அவ்வளவுதான்." ஒன்பது பேருக்கும் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தக் கால் இஞ்ச்தான் குவில்ட்டின் உயிர். சட்டையில் தையல் கொஞ்சம் நகர்ந்தால் உடம்பு சமாளித்துக்கொள்ளும். இங்கே கணக்கு இரக்கமில்லாதது. ஒரு வீசம், அதாவது இஞ்ச்சில் பதினாறில் ஒரு பங்கு, அதிகமாகப் பிடித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஒரு வரிசையில் இரண்டு தையல், ஒவ்வொரு தையலிலும் இரண்டு துணி. நாலு வீசம் சேர்ந்து கால் இஞ்ச் ஆகிவிடும். சுற்றிலும் இன்னும் தைக்காத ஓரத்தோடு ஒன்பதரையாக இருக்க வேண்டிய கட்டம் ஒன்பதேகாலாக வந்து நிற்கும், பக்கத்துக் கட்டத்தோடு சேராது. அதனால் மெஷின் தட்டில், ஊசியிலிருந்து கால் இஞ்ச்சுக்கு ஒரு நூலிழை குறைவாக, மாஸ்கிங் டேப்பை நாலைந்து அடுக்காக ஒட்டிக் கொடுத்தேன். துணி அந்தச் சுவரை உரசிக்கொண்டே போக வேண்டும். அந்த ஒரு இழை எதற்கென்றால், தைத்து மடிக்கும்போது மடிப்பும் துளித் துணியைத் தின்னும்.

இஸ்திரி பற்றி ஒன்று. தேய்க்கக் கூடாது, வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். தேய்த்தால் துணி இழுபட்டுச் சதுரம் சாய்சதுரமாகிவிடும். தையலை அடர்நிறத் துணிப் பக்கம் மடித்து அழுத்தினால், ஒரு வரிசையில் மடிப்புகள் வெளியே பார்க்கும், அடுத்த வரிசையில் உள்ளே பார்க்கும். இரண்டையும் சேர்த்து வைத்தால் கட்டை விரலுக்கடியில் ஒன்றின் மேட்டோடு இன்னொன்று ஒட்டிப் போய் உட்கார்வது தெரியும். அந்த இடத்தை முதல்முறை விரலால் கண்டுபிடித்தவர் சின்னதாக ஒரு "ஆங்" போட்டார். அதை நான் வாயால் சொல்லி விளங்கவைத்திருக்க முடியாது.

இனி என் தப்பு. என்னைவிடப் பத்து வயதாவது மூத்த அக்கா ஒருவர் வகுப்பில் இருந்தார். என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், பாதி கிண்டலாக. நாலாவது வாரம் அவருடைய இரண்டு கட்டங்களும் சரியாக ஒன்பதேகால். நடுச் சதுரத்தின் மூலைகள் வேறு ஒன்றையொன்று பார்க்காமல் நின்றன. அளந்து பார்க்கிறேன் என்று வீட்டுக்கு எடுத்துப் போனேன். ராத்திரி உட்கார்ந்து இரண்டையும் பிரித்துத் திரும்பத் தைத்துவிட்டேன். கடையில் தினமும் செய்வதுதானே. கை தானாகப் போய்விட்டது.

அடுத்த சனிக்கிழமை கொடுத்தபோது அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். தையல் மேல் விரலை ஓட்டினார். அவருடையது நீளத் தையல், என்னுடையது நெருக்கமானது.

"டீச்சர், இது ரெண்டும் நான் தைச்சது இல்லை."

"கொஞ்சம் சரிபண்ணினேன்க்கா."

"எங்க தப்புன்னு சொல்லியிருக்கலாமே. நான் வந்தது அதுக்குத்தானே?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தையல் பிரிக்கும் ஊசியை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தார். நான் தைத்தது அவ்வளவு நெருக்கமாக இருந்ததால் பிரிக்கவே வகுப்பு நேரத்தில் பாதி போனது. நடுவில் ஒருமுறை தலையைத் தூக்கி, "இப்படித் தைச்சா யாரு பிரிக்கிறது?" என்றார். அந்த வாரம் வேறு யாருக்கும் நான் என்ன சொல்லிக்கொடுத்தேன் என்பது எனக்கு நினைவில்லை.

பக்கத்தில் இருந்தவர் சமாதானமாக ஒரு கதை சொன்னார். பழைய காலத்தில் குவில்ட் தைத்தவர்கள், கடவுள் ஒருவரே குறையில்லாதவர் என்று காட்ட, வேண்டுமென்றே ஒரு தப்பு விட்டுத் தைப்பார்களாம். சர்ச்சில் குவில்ட் வகுப்பு எடுத்தால் இந்தக் கதை வராமல் இருக்காது. குவில்ட் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் இதற்கு ஆதாரம் இல்லை என்கிறார்கள். எனக்கும் இது பிடிக்காது. வேண்டுமென்றே ஒரு தப்பு விட வேண்டுமென்றால் மற்றதெல்லாம் சரியாக வந்திருக்க வேண்டும். அந்த நிலைமையில் நாங்கள் யாரும் இல்லை.

அதற்குப் பதிலாக நான் ஹாரியட் பவர்ஸ் தைத்த குவில்ட்டின் படத்தைக் காட்டினேன். அமெரிக்காவில், ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். ஆதாம் ஏவாளில் தொடங்கி வேதாகமக் கதைகளைத் துணியில் வெட்டி ஒட்டித் தைத்து, 1886இல் கண்காட்சியில் வைத்தார். பதினொரு கட்டம், ஒன்றுக்கொன்று அளவு ஒத்துப்போகாது. முதலில் விற்க மாட்டேன் என்றவர், கஷ்டம் வந்து 1891இல் 5 டாலருக்குக் கொடுத்தார். கொடுக்கும் முன் எந்தக் கட்டத்தில் எந்தக் கதை என்று வாங்கியவருக்கு விளக்கிச் சொன்னார். பிறகும் அதைப் பார்த்துவிட்டு வரப் போயிருக்கிறார். இப்போது அது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மெஷினில் தைத்தால் அது குவில்ட் ஆகுமா என்று ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஹாரியட்டே கையாலும் மெஷினாலும் தைத்தவர்தான் என்றதும் அவருக்கு நிம்மதி.

அக்காவின் புதுக் கட்டங்களில் ஒன்று சரியாக ஒன்பதரை. மற்றதில் ஒரு வீசம் குறைவு. இந்தமுறை என் கையைக் கட்டிக்கொண்டு சொல்ல மட்டும் செய்தேன். இரண்டு முனையிலும் நடுவிலும் குண்டூசி குத்துங்க, பெரிய கட்டம் அடியில் இருக்கட்டும், மெஷினின் பல் அடித்துணியைக் கொஞ்சம் கூட்டி இழுக்கும், மிச்சத்தை அதுவே விழுங்கிவிடும் என்று. விழுங்கிவிட்டது.

மூன்று அடுக்கையும் சேர்ப்பது தரையில் நடந்தது. கீழ்த்துணியை விறைப்பாக இழுத்து ஓரங்களில் டேப் ஒட்டி, மேலே பஞ்சு, அதற்கு மேலே இருபது கட்டம். நடுவிலிருந்து தொடங்கி ஒரு கையகலத்துக்கு ஒரு பின். முட்டி வலித்தது என்பதைத் தவிர சொல்ல ஒன்றுமில்லை.

கடைசிச் சனிக்கிழமை சுற்றிலும் விளிம்புப் பட்டை. சுற்றளவு 162 இஞ்ச், மூலைக்கும் நுனிக்கும் பத்து இஞ்ச் சேர்த்து வெட்டினோம். மூலைக்குக் கால் இஞ்ச் முன்பே நிறுத்தி, பட்டையை மேலே மடித்து, பிறகு கீழே மடித்துத் திரும்ப வேண்டும். அக்கா முதல் மூலையில் இரண்டுமுறை பிரித்தார். நான் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், சிரித்தார், நான் சொன்னேன், அவர் மடித்தார்.

நாலாவது மூலை முடிந்து யாரோ இரண்டாவது இஸ்திரிப் பெட்டியைப் போட, ஃபியூஸ் போனது. மிச்சம் இருந்தது பட்டையைப் பின்பக்கம் திருப்பிக் கையால் தைப்பது மட்டும்தான். ஜன்னலைத் திறந்துவிட்டுச் சுற்றி உட்கார்ந்தோம், ஆளுக்கொரு ஊசி. தச்சர் ஐயா, "ஃபியூஸைப் பார்க்கட்டுமா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அவரும் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.