பாஸ்கா போடும் பங்கு (கோவில்) இளைஞர்களுக்கு

பாஸ்கா, அதாவது இயேசுவின் பாடுகளையும் உயிர்ப்பையும் காட்டும் நாடகத்தில், ஒட்டுத் தாடிக்கும் ஹெட்செட் மைக்குக்கும் ஆகவே ஆகாது. முடி மைக் முனையில் உரசினால் பாட்டு முழுக்க சரசரவென்று கேட்கும். வியர்வை இறங்கினால் கெத்சமனித் தோட்டக் காட்சியிலேயே மைக் ஊமையாகிவிடும். இயேசு, பேதுரு, யூதாசுக்கு மைக்கை நெற்றிக்கு மேல், முடி தொடங்கும் இடத்தில் மெடிக்கல் டேப்பால் ஒட்டுங்கள்.

ஜெர்மனியின் ஓபராமர்காவில் 1634 முதல் இந்த நாடகம் நடக்கிறது. அங்கே நாடகத்துக்கு முந்தைய ஆண்டு சாம்பல் புதனன்றே (தவக்காலத்தின் முதல் நாள்) முடி, தாடி வளர்க்கத் தொடங்கிவிடுவார்கள். ஒட்டுத் தாடி கிடையாது. (ரோமை வீரர்களுக்கு மட்டும் விலக்கு!) நாமும் தவக்காலத் தொடக்கத்திலிருந்து வளர்த்தால் பாதித் தலைவலி தீரும்.

சிலுவை இரண்டு வேண்டும். சுமக்க, உள்ளே கூடான பிளைவுட் பெட்டி. ஆளை ஏற்ற, கெட்டியான மரம். ஏற்றும் சிலுவையில் கால்பலகையும், துணிக்குள் மறையும் இடுப்புப் பெல்ட்டும் கட்டாயம். உடம்புப் பாரம் கையில் விழவே கூடாது. கை விரித்த நிலையில் மூச்சு முழுதாக இழுக்க வராது, அதனால் அங்கே நீளப் பாட்டு வைக்காதீர்கள். ஒரு வரி இயேசுவாக நடிப்பவர் பாடட்டும், மீதியைப் பாடகர் குழு எடுக்கட்டும். ஆளை ஏற்றுமுன் அதே எடை மணல் மூட்டையைக் கட்டித் தூக்கிப் பாருங்கள். அடிக்குழியில் ஆப்பு தளர்ந்திருந்தால் அப்போதே ஆடிக் காட்டிவிடும்.

ரத்தத்துக்குச் சர்க்கரைப் பாகு வேண்டவே வேண்டாம். திறந்த மேடையில் எறும்பு ஏறும், கட்டிய கையால் தட்டிவிடவும் முடியாது. கிளிசரினில் சிவப்பு ஃபுட் கலர் கலந்தால் போதும். வெள்ளை அங்கி மட்டும் இரண்டாகத் தைத்துவிடுங்கள், உயிர்ப்புக் காட்சிக்குக் கறையில்லாதது வேண்டும்.